சிவகார்த்திகேயன் தயாரித்தால் அது சுயாதீனப் படமா?

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு டியூஷன் நிலையத்தின் மாடியறையில் மாதம் இரண்டு சனிக்கிழமைகள் நாங்கள் சிலர் கூடிச் சினிமா பற்றிப் பேசுகிறோம். வருபவர்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் இருவரும் தவறாமல் வருவார்கள். 'கொட்டுக்காளி' பற்றிப் பேசிய அன்று, பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி கையை உயர்த்தினார். "அண்ணே, இதைச் சுயாதீனப் படம் என்று சொல்கிறீர்கள். தயாரித்தவர் சிவகார்த்திகேயன். நடித்தவர் சூரி. இரண்டு பேரையும் என் பாட்டிக்கே தெரியும். அப்புறம் எப்படி இது சுயாதீனப் படம்?"

நல்ல கேள்வி. அன்று நான் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு போனேன். இந்தக் கட்டுரை அந்த மாணவிக்கும், அவரைப் போல இந்தச் சொற்களை முதன்முறையாகக் கேட்பவர்களுக்கும்.

முதலில் சொல்லை எடுத்துக்கொள்வோம். சுயாதீனம் என்றால் தன் வசம் இருப்பது. ஒரு படத்தைப் பற்றிய முடிவுகள் அதை உருவாக்கியவர் வசம் இருந்தால் அது சுயாதீனப் படம். சொல்லில் இருப்பது இவ்வளவுதான். மெதுவாக நகர வேண்டும், பாட்டு இருக்கக் கூடாது, ஏழைகளைப் பற்றி இருக்க வேண்டும் என்றெல்லாம் அந்தச் சொல் எதையும் கேட்கவில்லை. அவையெல்லாம் கலைப்படம், மாற்று சினிமா, விருதுப் படம் ஆகிய வேறு சொற்களிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை. கலைப்படம் என்பது படத்தின் தன்மையைச் சொல்கிறது. சுயாதீனப் படம் என்பது படம் பிறந்த விதத்தைச் சொல்கிறது. இரண்டும் ஒரே படத்தில் சேர்ந்து வரலாம், தனித்தனியாகவும் வரலாம். தொடக்கத்தில் பலரும் குழம்புவது இந்த இடத்தில்தான்.

நம் வீட்டுக் கல்யாணத்தை நினைத்துப் பாருங்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் தங்கள் சேமிப்பில் நடத்தினால், யாரை அழைப்பது, எந்த மண்டபம், என்ன சாப்பாடு என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். பெரியப்பா பாதிச் செலவை ஏற்றுக்கொண்டால் அவருடைய நண்பர்கள் ஐம்பது பேர் பட்டியலில் ஏறுவார்கள். அதில் தவறில்லை. பணம் போட்டவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. சில பெரியப்பாக்கள் பணத்தைக் கொடுத்துவிட்டு, "நீங்களே பார்த்துச் செய்யுங்கள்" என்று ஒதுங்கிவிடுவதும் உண்டு. அந்தக் கல்யாணம் யாருடையது? பணம் அவருடையது, முடிவு பிள்ளைகளுடையது. 'கொட்டுக்காளி'யை நான் அப்படிப்பட்ட கல்யாணமாகவே பார்க்கிறேன். ஒரு பெரிய நட்சத்திரத்தின் நிறுவனம் எடுத்த அந்தப் படத்தில் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ ஓடும் சத்தம், காற்று, மனிதக் குரல்கள் மட்டும்தான். முடிவைக்கூடப் பார்வையாளரிடம் விட்டுவிடுகிறது. வசூலைக் கணக்குப் போடும் தயாரிப்பாளர் எவரும் முதலில் எதிர்க்கக்கூடிய முடிவுகள் இவை. அவை படத்தில் அப்படியே நிற்கின்றன. அதனால்தான் பணம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் பார்த்து ஒரு படத்துக்குப் பெயர் வைக்க முடியாது என்கிறேன்.

ஒரு படம் நம் கண்ணுக்கு வந்து சேரும் முன் நான்கு வாசல்களைக் கடக்கிறது. பணம் முதல் வாசல். கதை, நடிகர், படத்தொகுப்பு என உருவாக்கம் இரண்டாவது. தணிக்கை மூன்றாவது. திரை நான்காவது: எந்த அரங்கம், எந்த நேரம், எத்தனை நாள். ஒவ்வொரு வாசலிலும் "வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரம் யாரிடமாவது இருக்கிறது. அந்தக் காலத்துப் பெரிய ஸ்டூடியோக்கள் இந்த வாசல்களில் பலவற்றைத் தங்கள் கையிலேயே வைத்திருந்தன. ஹாலிவுட்டில் ஸ்டூடியோக்களே திரையரங்குகளையும் வைத்திருந்தன. 1948இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே அவை பிரிந்தன. அப்போது கோடு தெளிவாக இருந்தது. ஸ்டூடியோவுக்கு உள்ளே இருப்பது வெகுஜன சினிமா, வெளியே இருப்பது சுயாதீன சினிமா.

இன்று ஒரே படத்தின் நான்கு வாசல்களிலும் நான்கு வெவ்வேறு ஆட்கள் நிற்கிறார்கள். கோடு மங்கியதற்குக் காரணம் இதுதான். 'காக்கா முட்டை'யைப் பாருங்கள். குடிசைப் பகுதிச் சிறுவர்கள் இருவர் பீட்சா சாப்பிட ஆசைப்படும் கதை. இயக்கிய மணிகண்டனுக்கு அது முதல் முழுநீளப் படம். தயாரித்தவர்கள் தனுஷும் வெற்றிமாறனும். 2014இல் டொராண்டோ திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. 2015இல் அதைத் திரையரங்குக்குக் கொண்டுவந்தது ஃபாக்ஸ் ஸ்டார் ஸ்டூடியோஸ், அதாவது ஒரு ஹாலிவுட் நிறுவனத்தின் இந்தியக் கிளை. இதை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்? 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் விழாவின் டைகர் விருதை வென்றது. அதன் பின்னால் நயன்தாராவும் விக்னேஷ் சிவனும் இருந்தார்கள். பிறகு அது மக்களிடம் வந்து சேர்ந்தது ஓடிடி தளத்தின் வழியாக.

இதற்கு நேர்மாறாக, துணைக்கு யாருமே இல்லாத காலத்தையும் தமிழ் சினிமா பார்த்திருக்கிறது. எழுத்தாளர் ஜெயகாந்தன் 1960களின் நடுவில் தன் கதையைத் தானே இயக்கி 'உன்னைப்போல் ஒருவன்' எடுத்தார். தேசிய விருதுப் பட்டியலில் அதற்கு இடம் கிடைத்தது. திரையரங்குகளில் அதற்குரிய இடம் கிடைக்கவில்லை. முதல் இரண்டு வாசல்களையும் தானே திறந்த ஒரு மனிதர் நான்காவது வாசலில் நின்றுபோனார். அந்தப் படத்தைப் பார்க்கக் கிடைக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

ஹாலிவுட்டைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் நம்மூர்ப் பெண் ஒருவரை விட்டுவிட முடியாது. ஈப்போவில் பிறந்த மிஷேல் இயோ 2023இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கரை வாங்கிய 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' பழைய பெரிய ஸ்டூடியோக்களின் படம் இல்லை. ஏ24 என்ற, 2012இல் தொடங்கிய நிறுவனத்தின் படம். உலகம் முழுக்க 10 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதைப் பார்த்த நம் மக்கள் எவரும் "சுயாதீனப் படம் பார்க்கப் போகிறேன்" என்று சொல்லிக்கொண்டு போயிருக்க மாட்டார்கள். மிஷேல் இயோ படம் என்றுதான் போனார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். கோலாலம்பூரில் உட்கார்ந்து யோசிக்கும்போது இந்தக் கோடு இன்னும் வேடிக்கையாக வளைகிறது. அதைக் காட்டுவதற்கு இரண்டு படங்களை அருகருகே வைப்பது எனக்குப் பிடித்த வழி.

2015 டிசம்பரில் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' வெளிவந்தது. 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல்லுக்குக் கெட்டது, பொல்லாதது என்று பொருள். அது நம் வாயில் ஜகாட் ஆனது. 1990களின் தொடக்கத்தில், தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒரு குடும்பத்தில் வளரும் அப்போய் என்ற சிறுவனின் கதை. படிக்கச் சொல்லி அடிக்கும் அப்பா, குண்டர் கும்பலில் இருக்கும் சித்தப்பா, இவர்களுக்கு நடுவே அந்தப் பையன். ஏழு மாதம் கழித்து, 2016 ஜூலையில் 'கபாலி' வந்தது. ரஜினிகாந்த், தாணுவின் தயாரிப்பு, பா.இரஞ்சித்தின் இயக்கம். ரஜினியின் உருவம் வரைந்த ஏர் ஏசியா விமானம் பறந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம்.

இரண்டு படங்களுக்கும் வேர் ஒன்று. ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தவர்கள் நகரத்தின் ஓரங்களுக்கு வந்தார்கள். அந்த இடைவெளியில் கும்பல்கள் வளர்ந்தன. ஒன்று அந்தக் கதையைச் சிறுவனின் கண் உயரத்திலிருந்து சொன்னது. மற்றது உலகறிந்த நாயகனின் தோளில் ஏற்றிச் சொன்னது. மலேசியத் தமிழரின் தோட்ட வாழ்க்கை ஒரு ரஜினி படத்தின் மையத்துக்கு வரும் என்று யாராவது 2010இல் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். சிறிய படங்கள் மட்டுமே தொடும் என்று நாம் நினைத்திருந்த பொருளை ஆகப் பெரிய படம் கையில் எடுத்தது. கோடு மங்குவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஆனால் மூன்றாவது வாசலைப் பாருங்கள். 'கபாலி' மலேசியாவில் திரையிடப்பட்டபோது, கபாலி போலீசில் சரணடைந்துவிட்டதாகச் சொல்லும் எழுத்துகள் முடிவில் சேர்க்கப்பட்டிருந்தன. தமிழ்நாட்டில் பார்த்தவர்களுக்குத் திறந்த முடிவு. நமக்கு மூடிய முடிவு. அந்த ஒரு வரியின் முன்னால் ரஜினியின் பெயரும் கோடிகளும் ஒன்றும் செய்ய முடியவில்லை. வெகுஜனப் படம் என்றால் எல்லா வாசலும் திறந்திருக்கும் என்று நினைப்பது தவறு. அதே வாசலில் சுயாதீனப் படம் மாட்டிக்கொள்வதையும் பார்த்தோம். அமாண்டா நெல் யூ இயக்கிய 'டைகர் ஸ்டிரைப்ஸ்' எட்டு நாடுகளின் கூட்டுத் தயாரிப்பு. 2023இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் முதல் பரிசு பெற்றது. அதே ஆண்டு இங்கே வெட்டுகளோடு திரைக்கு வந்தபோது, அது தன்னுடைய படம் இல்லை என்று இயக்குநரே வெளிப்படையாகச் சொன்னார்.

'ஜகாட்'டுக்கு நடந்தது இன்னொரு வகை. 2016ஆம் ஆண்டின் மலேசியத் திரைப்பட விழாவில், மலாய் மொழியில் அமையாத படங்களுக்கென்று ஒரு தனிப் பிரிவை வைத்தார்கள். 'ஜகாட்' அதில் போய் விழுந்தது. அதே பிரிவில் 'ஓலா போலா'வும் இருந்தது. இது 1980களின் தேசியக் கால்பந்து அணியைப் பற்றிய, பல மொழி பேசும் படம். நாடு முழுவதும் மக்கள் திரண்டு பார்த்த பெரிய வெற்றிப் படம். ஒன்று முகம் தெரியாத நடிகர்களின் சிறிய படம், மற்றது பெரிய நிறுவனத்தின் வெற்றிப் படம். இரண்டையும் ஒரே மூலையில் உட்கார வைத்தது மொழி. மலாய்த் திரைக் கலைஞர்கள் உட்படப் பலர் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். பிரிவுகள் மாற்றப்பட்டன. சிறந்த மலேசியப் படத்துக்கான விருதை 'ஜகாட்' வென்றது. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்கு நெடுநேரம் தூக்கம் வரவில்லை. எங்கள் பேச்சு, எங்கள் வசவு, எங்கள் வீட்டுக் கூடம் எல்லாம் சேர்ந்து மலேசியப் படம் என்று பெயர் வாங்கியிருந்தன.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது ஒன்று. வெகுஜனம் என்ற சொல்லைப் பயன்படுத்தும்போது, எந்த வெகுஜனம் என்று கேட்க வேண்டும். மலேசிய மக்களில் இந்தியர்கள் 7 விழுக்காட்டுக்கும் குறைவு. அவர்களில் பெரும்பாலோர் தமிழர். இந்தச் சிறிய கூட்டத்தை நம்பி எடுக்கப்படும் ஒரு மலேசியத் தமிழ்ப் படத்தில் ஐந்து பாட்டு, நான்கு சண்டை, ஒரு நகைச்சுவைத் தடம் எல்லாம் இருக்கலாம். தோற்றத்தில் அது முழு வணிகப் படம். பிறந்த விதத்தில்? இயக்குநர் வீட்டை அடகு வைத்திருப்பார், ஒளிப்பதிவாளர் நண்பராக இருப்பார், படப்பிடிப்புக்கான சாப்பாடு யாரோ ஒருவரின் அம்மா சமைத்ததாக இருக்கும். சென்னையில் வணிகப் படம் எடுப்பவருக்குப் பின்னால் ஃபைனான்சியர், ஏரியா விநியோகஸ்தர், தொலைக்காட்சி உரிமை, ஓடிடி உரிமை என்று ஒரு சந்தையே இருக்கிறது. இங்கே அந்தச் சந்தை மிகச் சிறியது. அதனால் நம் ஊரில் வணிகப் படம் எடுப்பவரும் பெரும்பாலும் சுயாதீனக் கலைஞர்தான். பாட்டும் சண்டையும் இருப்பதைப் பார்த்து அந்த உழைப்பைக் கீழாக மதிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

2022இல் வந்த ஜே.கே. விக்கியின் 'பூச்சாண்டி'யைச் சொல்லலாம். பேய்க்கதை, மக்கள் விரும்பும் வகைதான். ஆனால் அதற்குள் இந்த மண்ணின் பழைய வரலாற்றையும் வைத்தார்கள். இங்கே அரங்குகளில் ஓடி, பிறகு தமிழ்நாட்டுத் திரைகளுக்கும் போனது. வழக்கமாகப் படங்கள் சென்னையிலிருந்து நமக்கு வரும். அந்த ஆண்டு ஒன்று இங்கிருந்து அங்கே போனது.

இந்த வழியை இங்கே முதலில் வெட்டியவர்களையும் சொல்ல வேண்டும். டிஜிட்டல் கேமரா கைக்கு எட்டிய 2000ஆம் ஆண்டை ஒட்டி, அமீர் முகமட், ஜேம்ஸ் லீ, தான் சுய் முய் போன்றவர்கள் கோலாலம்பூரில் ஒருவர் படத்துக்கு ஒருவர் உழைத்துக் குறைந்த செலவில் படம் எடுக்கத் தொடங்கினார்கள். தான் சுய் முய்யின் முதல் படம் தென்கொரியாவின் பூசான் விழாவிலும் ராட்டர்டாமிலும் விருது வாங்கியது. ராட்டர்டாமில் வாங்கியது, பின்னாளில் 'கூழாங்கல்' வென்ற அதே டைகர் விருதுதான். ஜேம்ஸ் லீ சில ஆண்டுகளில் திரையரங்குகளுக்கான மலாய்த் திகில் படத்தையும் இயக்கினார். அதே காலத்தில், 2005இல் தீபக் குமரன் மேனன் 'செம்மண் சாலை' எடுத்தார். ரப்பர் தோட்டத்துப் பெண் ஒருத்தி மேற்படிப்புக்கு ஆசைப்படும் கதை. மலேசியத் தமிழ் வாழ்க்கையை உலக விழாக்கள் அதன் வழியாகப் பார்த்தன. என் அம்மா தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவர். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "எங்கள் விடியற்காலை இப்படித்தான் இருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

ஓடிடி வந்த பிறகு நான்காவது வாசல் உடைந்துவிட்டது என்று சிலர் மகிழ்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை பாதிதான். காட்சி நேரத்துக்காகத் திரையரங்கிடம் கெஞ்ச வேண்டாம் என்பது உண்மை. ஆனால் வாங்குவதா வேண்டாமா என்பதைத் தளம் முடிவு செய்கிறது. வாங்கிய பிறகு முகப்பில் காட்டுவதா, பத்துத் திரை கீழே தள்ளுவதா என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. வாசல் இருக்கிறது, காவலாளியின் முகம்தான் தெரியவில்லை. விழாக்களுக்கும் இது பொருந்தும். வெளிநாட்டு நிதியில் எடுக்கும் படத்துக்கு வணிக நெருக்கடி இல்லை என்றாலும், விழாக்காரர்களுக்கு எது பிடிக்கும் என்ற எண்ணம் எழுதும்போதே கைக்குள் வந்துவிடும். நீண்ட மௌனமும் அசையாத கேமராவும் சிலருக்கு, ஐந்து பாட்டைப் போலவே, ஒரு வாய்ப்பாடு ஆகிவிட்டன. சுயாதீனம் என்ற சொல்லை நேசிப்பவர்கள் இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

கோடு மங்குவதில் எனக்கு மகிழ்ச்சியே அதிகம். நட்சத்திரங்கள் சிறிய படங்களுக்குத் தோள் கொடுக்கிறார்கள். சிறிய படங்களின் மொழி பெரிய படங்களுக்குள் போகிறது. வருத்தம் ஒரு இடத்தில்தான். சுயாதீனம் என்ற சொல் விளம்பரச் சீட்டாக மாறும்போது, உண்மையாகவே துணையில்லாமல் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறார். ஆகவே, "இது சுயாதீனப் படமா?" என்று ஒரே கேள்வியாகக் கேட்காமல், "எந்த வாசலில் சுயாதீனம், எந்த வாசலில் இல்லை?" என்று கேட்டுப் பாருங்கள். 'கொட்டுக்காளி'க்கு முதல் வாசலில் வலுவான துணை, இரண்டாவதில் முழு உரிமை. 'கபாலி'க்கு முதல் வாசலில் குறையே இல்லை, மூன்றாவதில் இடறல். மலேசியத் தமிழ்ப் படங்கள் பலவற்றுக்கு முதல் மூன்றையும் எப்படியோ கடந்த பிறகு நான்காவதில் மூச்சு நின்றுவிடுகிறது. உள்ளூர்ப் படங்களுக்கென்று, மலேசியத் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸின் கட்டாயத் திரையிடல் திட்டம் இருக்கிறது. அதன் உதவியால் அரங்கு கிடைக்கிறது. அரங்கு கிடைப்பதும் நல்ல நேரத்துக் காட்சி கிடைப்பதும் ஒன்றில்லை. 'ஜகாட்' வந்த அதே டிசம்பரில்தான் புதிய 'ஸ்டார் வார்ஸ்' படமும் வந்தது. இரண்டும் ஒரே நகரத்தின் திரைகளைப் பங்குபோட வேண்டியிருந்தது.

அந்த மாணவிக்கு இந்த நான்கு வாசல் கணக்கை அடுத்த சந்திப்பில் சொன்னேன். அப்போது ஓடிக்கொண்டிருந்த ஒரு உள்ளூர்த் தமிழ்ப் படத்துக்கு அதைப் போட்டுப் பார்க்கிறேன் என்றார். இரண்டு வாரம் கழித்து ஒரு தாளோடு வந்தார். முதல் மூன்று கட்டங்களையும் பேட்டிகளைப் படித்து நிரப்பியிருந்தார். நான்காவது கட்டத்துக்காக, தன் வீட்டருகே உள்ள திரையரங்குக்கே போயிருக்கிறார். படம் இரண்டாவது வாரத்தில் ஒரே காட்சியாகச் சுருங்கியிருந்தது, அதுவும் வேலைநாள் காலை பதினொன்றரைக்கு. அதை யார் முடிவு செய்தது என்று டிக்கெட் கொடுக்கும் பெண்ணிடம் கேட்டாராம். அந்தப் பெண்ணும் தமிழர். "எங்களுக்குத் தெரியாது தங்கச்சி. நாளைய பட்டியல் இரவுதான் கணினியில் வரும்" என்றாராம். நான்காவது கட்டத்தில் அந்த வாசகத்தை அப்படியே எழுதிவைத்திருந்தார். கீழே தன் டிக்கெட்டை ஒட்டியிருந்தார். மறுநாள் காலை பதினொன்றரைக் காட்சிக்கு, வகுப்புக்குப் போகாமல், அம்மாவையும் பாட்டியையும் அழைத்துக்கொண்டு போயிருக்கிறார்.